அம்மா கரியை மாற்றுவாள்

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, தரையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. அது என் கைவேலை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து சருகு, காகிதம், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அங்கேதான் கொளுத்தி வந்தேன். போகியன்று பழைய பாயும் ரப்பர் செருப்பும் சேரும்.

"கிணத்துப் பக்கத்துல எரிக்கலாமா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

"கரி தண்ணியைச் சுத்தம்தான் பண்ணும், கண்ணு" என்றேன்.

அப்படித்தான் படித்திருந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' பாட வேளையில் வாத்தியார் சிவப்பு ஒயினைக் கரித்தூளில் வடித்தார், வெளுத்து இறங்கியது. வீட்டிலும் அம்மா மணல், கரி, கூழாங்கல் போட்ட பானைகளை அடுக்கித் தண்ணீர் வடிப்பாள்.

அன்றிரவு யோசித்தேன். கரி பிடித்த அழுக்கு எங்கே போகும்? கரியிலேயே இருக்கும். அதனால்தான் அம்மா அதை அடிக்கடி மாற்றுவாள். மண்ணில் கிடக்கும் கரியை யார் மாற்றுவது?

டீசல் புகை, விறகு, குப்பை நெருப்பு இவற்றின் கரி நகரத்து மண்ணில் படிகிறது. அது எளிதில் மக்காது. நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். எரியும்போதே பிறக்கும் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மட்டும் நிலத்தடி நீருக்கு நன்மைதான். ஆனால் ஐப்பசி மழையில் நுண்துகளாய்க் கரைபுரண்டு, சாக்கடை வழியே நம் பெரிய வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகும்போது, பிடித்த நஞ்சையும் கூடவே சுமந்து போகிறது. கரியில் ஒரு பங்கு நீரில் கரையவும் செய்கிறது. உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் கரைந்த கரிமப் பொருளில் ஏறக்குறைய 10 சதவீதம் இப்படி எரிந்ததிலிருந்து வந்ததுதான் என்று 2013இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

வாத்தியார் சொன்னது பொய்யில்லை. நான்தான் பாதிப் பாடத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மண்ணைச் சுரண்டினால் எங்கே கொட்டுவது? ஆகவே கொல்லைத் தண்ணீர் கிணற்றில் இறங்காதபடி சுற்றிலும் சிறு வரப்புக் கட்டினேன். கொளுத்துவதை நிறுத்திவிட்டேன். சருகுக்குக் குழி வெட்டியாயிற்று.

இந்தப் போகிக்குப் பழைய பாய் குப்பை வண்டியில் போனது. பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. குழியில் கொட்டச் சருகை வாரிக்கொண்டு வந்தாள்.