பட்டியலில் பின்தங்கிய பாட்டி

என் தந்தையார் ஓசூர் அருகே ரோஜா பயிரிடுகிறார். கூலிப் பாக்கிகளைச் சிறிய தொகை முதலாக எழுதித் தரச் சொன்னார். நானோ, கற்ற பெருமையில், ஜாவாஸ்கிரிப்டின் ‘சார்ட்’ கட்டளையிடம் தொகைகளை ஒப்படைத்தேன். “கணிப்பொறி தவறுமா?” என்று அவரும் அவ்வரிசைப்படியே கொடுத்துவந்தார். 2500 ரூபாய்க்காரருக்குப் பின் நின்ற 900 ரூபாய்ப் பாட்டியின் முறை வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது.

அன்றிரவு காரணம் புரிந்தது. விதி தராவிட்டால் அக்கட்டளை எண்களையும் சொற்களாகக் கருதி, அகராதிபோல முதல் இலக்கத்தைப் பார்க்கும். 1000, 2500, 900 என்றே அடுக்கும். ‘முதலெண்ணிலிருந்து அடுத்ததைக் கழி; விடை குறை எண்ணானால் முதலெண் முன்னே’ என்னும் சிறு சார்பை உடன் கொடுத்தேன். ஒப்பிடும்போதெல்லாம் அதை அழைத்துக் கேட்டு, 900ஐ முதலில் வைத்தது. அச்சார்பையே ‘கால்பேக்’ என்பர்.

வேலையை இயந்திரத்திடம் விடலாம். விதியை நாம்தான் சொல்ல வேண்டும். மறுவாரம் பாட்டிக்கே முதல் கூலி!