பதினோராவது கம்பி

இரைச்சல் என்ற சொல்லைக் காதிலிருந்து எடுத்துத்தான் மற்ற இடங்களில் உபயோகிக்கிறோம். கவிதையில் இரைச்சல், அரசியலில் இரைச்சல், மனசின் இரைச்சல் என்றெல்லாம் எழுதிப் பழகிவிட்டது. எதிர்ப்பதமாக மௌனத்தை வைத்து அதற்குப் பூஜையும் நடக்கிறது. நம் சிறுபத்திரிகைகள் மௌனத்தைப் பற்றிச் செலவிட்ட வார்த்தைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சந்தையின் இரைச்சல் தேறும். இரைச்சலைக் குறைப்பதையே வேலையாகக் கொண்டு ஒரு சாதனத்தோடு சில மாதங்கள் இருந்தவன் என்ற முறையில், இந்த ஜோடியைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு.

சாதனத்தின் பெயர் டிரிஃப்ட் சேம்பர். வாயு நிரப்பிய ஒரு பெட்டி. அதற்குள் தலைமயிரைவிட மெல்லிய, தங்கமுலாம் பூசிய டங்ஸ்டன் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வானத்திலிருந்து ம்யூயான்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில். அவற்றில் ஒன்று பெட்டியைக் கடக்கும்போது வழியிலுள்ள ஆர்கான் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும். ஒரு சென்டிமீட்டர் பாதைக்குச் சுமார் நூறு எலெக்ட்ரான்கள். இவை மின்புலத்தால் இழுக்கப்பட்டுக் கம்பியை நோக்கி நகர்கின்றன. ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 200 நானோசெகண்ட் ஆகும். ம்யூயான் போன நேரமும் எலெக்ட்ரான் வந்து சேர்ந்த நேரமும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். பல கம்பிகள் கொண்ட சேம்பரை ஜெனீவாவில் செர்ன் கூடத்தில் ஜார்ஜ் ஷர்பாக் 1968இல் செய்தார்; 1992இல் நோபல் பரிசு பெற்றார். காலத்தை அளந்து தூரத்தைச் சொல்லும் இந்த வகையை 1971இல் ஹைடல்பர்கில் வாலென்டாவும் சகாக்களும் செய்து காட்டினார்கள்.

நான் சொல்வது மாணவர்களுக்காகச் சிதம்பரத்தில் ஓர் அறையில் வைத்திருந்த சிறிய சேம்பர். பதினாறு கம்பிகள். அதன் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் பலகைகளைச் சோதிப்பதற்காகக் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் இப்படியொரு வேலை என்றதும் நண்பர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒன்று, இந்திய அரசு கொடுத்து 2004இல் செர்னில் நிறுவப்பட்ட நடராஜர் சிலை. மற்றது, சிற்சபையில் திரைக்குப் பின்னே வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வ மாலை. வெளியும் பொன் இழையும், உங்கள் பெட்டியும் அதுதானே என்றார் ஒருவர். ஒப்புமை அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதே அதன் குறை. அது எதையும் சோதிக்க விடுவதில்லை. என் பெட்டியில் வெட்டவெளி கிடையாது. ஆர்கானும் கரியமில வாயுவும் இருந்தன. வாயுக் கசிவு இருந்தது. ஈயப்பற்று சரியில்லாத இடங்கள் இருந்தன. ரகசியம் என்று ஒன்று இருந்தால் இவற்றைக் கடந்துதான் அதற்குப் போகவேண்டும்.

நூறு எலெக்ட்ரான் என்பது ஒன்றுமேயில்லை. கம்பியை ஒட்டிய கடுமையான புலத்தில் அவை பல்லாயிரம் மடங்கு பெருகுகின்றன. அப்படியும் ஆம்ப்ளிஃபயர் தூக்கிவிட்டால்தான் தெரியும். ஆம்ப்ளிஃபயருக்கோ பாரபட்சம் கிடையாது. உள்ளே வந்ததையெல்லாம் தூக்கிவிடும். முதல் நாள் கம்பிகளுக்கு உயர்மின்னழுத்தம் கொடுக்கும் முன்பே பதினாறு வழிகளும் ஒரே அலறல். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு கொத்து. ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம் செகண்டுக்கு நூறு தடவை பூஜ்யத்தைக் கடக்கிறது என்று தெரிந்தவனுக்கு அதுவே முகவரி. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். அதை நிறுத்தியதும் பாதி அடங்கியது. மீதியில் ஒரு பங்கு எல்இடி விளக்கிலிருந்து, ஒரு பங்கு ஒரு மாணவரின் சட்டைப்பையிலிருந்த செல்போனிலிருந்து.

ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி வீதியில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஸ்கோப்பின் கோடு அசையவில்லை. நானோசெகண்டுகளில் வேலை செய்யும் மின்சுற்றுக்குக் காது கேட்கும் சப்தமெல்லாம் மிக மெதுவானது. அதை அது வடிகட்டித் தள்ளிவிடும். சப்தமே போடாமல் எரியும் விளக்குதான் அதற்கு இரைச்சல். எது இரைச்சல் என்பதைக் கேட்கிறவன் என்ன கேட்க உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதைச் சித்தாந்தமாக நான் முன்பு ஒப்புக்கொண்டிருப்பேன். அன்று கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது எர்த். சேம்பரின் உறை ஓரிடத்தில், மின்வழங்கி ஓரிடத்தில், கணினி ஓரிடத்தில் என்று மூன்று வழியாகப் பூமிக்கு இணைந்திருந்தது. மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். வளையத்துக்குள் அறையின் காந்தப்புலமெல்லாம் மின்னோட்டமாகச் சுற்றும். கட்டடத்தின் எலெக்ட்ரீஷியன், எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டிக் கோடையில் தண்ணீர் ஊற்றிவந்த மனிதர், இதைப் பார்த்துவிட்டு, "எர்த் ஒண்ணுதான் சார் இருக்கணும். ரெண்டு இருந்தா ரெண்டும் பேசிக்க ஆரம்பிச்சிடும்" என்றார். பாடப்புத்தகங்கள் இதற்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் தடித்த செம்புப் பின்னலால் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தோம். ஐப்பசி மழையின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உயர்மின்னழுத்தப் பலகையில் படிந்து அதன் மேல் மின்சாரம் ஊர்ந்த தடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, வார்னிஷ் பூசினோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இரைச்சல் எஞ்சி நின்றது. அது வெளியிலிருந்து வருவதல்ல. வெப்பமுள்ள எந்த மின்தடையிலும் எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருக்கின்றன என்பதை 1928இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இதைத் துடைக்க முடியாது, கத்தரிக்க முடியாது. பொருள் இருக்கிறது, அது சில்லிட்டுப் போகவில்லை என்பதன் குரல் அது.

பதினாறு வழிகளின் இரைச்சலையும் அளந்து அட்டவணை போட்டோம். பதினைந்து ஏறக்குறைய ஒரே அளவு. பதினோராவது மட்டும் தெளிவாகக் குறைவு. மாணவர்களுக்குச் சந்தோஷம். எல்லாம் இதுபோல் இருக்கக்கூடாதா என்று ஒரு பெண் கேட்டாள். ஆம்ப்ளிஃபயரின் வாயில் செயற்கையாக ஒரு துடிப்பைச் செலுத்திப் பார்த்தோம்; சரியான அளவில் பதில் வந்தது. சோதனையில் தேறிவிட்டது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் அதன் வாயில் தொங்கும் மின்தேக்கத்தைப் பொறுத்தது. கம்பி தொங்கினால் இரைச்சல் கூடும், தொங்காவிட்டால் குறையும். பெட்டியைத் திறந்து பார்த்தபோது அந்தக் கம்பிக்கும் பலகைக்கும் இடையே இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஆம்ப்ளிஃபயர் ஆரோக்கியமாக இருந்தது. அதற்கும் உலகத்துக்கும் சம்பந்தம் அறுந்திருந்தது. செயற்கைத் துடிப்பால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. காட்டிக்கொடுத்தது அதன் மிதமிஞ்சிய அமைதி ஒன்றுதான். மறுபடி இணைத்ததும் அதுவும் மற்றவற்றைப்போல் இரையத் தொடங்கியது.

பிறகு மிஞ்சுவது வரம்பு. இந்த உயரத்துக்கு மேலே வரும் துடிப்பை மட்டும் எண்ணு, கீழே உள்ளதை விட்டுவிடு என்று ஒரு கோடு போடவேண்டும். கோட்டை உயர்த்தினால் இரைச்சல் ஒழியும். கூடவே மெலிந்து வந்த உண்மையான துடிப்புகளும் ஒழியும். தாழ்த்தினால் எல்லாம் வரும், பொய்யும் வரும். பெட்டிக்கு மேலும் கீழும் இரண்டு ஸின்டிலேட்டர் பலகைகளை வைத்து, இரண்டும் ஒருசேர ‘போயிற்று’ என்று சொன்ன ம்யூயான்களில் எத்தனையைக் கம்பி பார்த்தது என்று ஒவ்வொரு வரம்புக்கும் எண்ணினோம். சரியான வரம்பு என்று இயற்கை எதையும் கொடுப்பதில்லை. எவ்வளவு பொய்யைச் சகிப்பேன், எவ்வளவு மெய்யை இழப்பேன் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். முடிவுகளைப் பார்க்கும் முன்பே சொல்லவேண்டும், சொன்னதை எழுதிவைக்கவேண்டும். பார்த்த பிறகு நகர்த்திய வரம்பு வேண்டியதைத்தான் காட்டும்.

தள்ளியதில் என்ன இருந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் க்ரேப்ஸ்-3 பரிசோதனையில், ஆறு மீட்டர் நீளமுள்ள 3712 கம்பிக் குழாய்கள் ம்யூயான்களை எண்ணுகின்றன. என் பெட்டிக்கு மூத்த உறவினர் என்று சொல்லலாம். அண்டக்கதிர்களை எண்ண உட்கார்ந்தவர்களுக்கு இடிமழை ஒரு தொந்தரவு, எண்ணிக்கையைக் கலைக்கும். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது பதினெட்டு நிமிஷங்களுக்கு எண்ணிக்கை இரண்டு சதவிகிதம் போலக் குறைந்தது. அதைத் திருத்தி ஒதுக்காமல் படித்தார்கள். மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். அவ்வளவு இருக்கக்கூடும் என்று சி. டி. ஆர். வில்சன் 1929இல் சொன்னது. தங்கள் குழாய்களின் சொந்த இரைச்சலை அறிந்து வைத்திருந்ததால்தான் அந்த இரண்டு சதவிகிதம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ்ஸில் இதை யோசித்துக்கொண்டிருப்பேன். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். சிதம்பரத்தில் 1985இல் இறக்கும்வரை பல ஆண்டுகள் வாழ்ந்தவர் மௌனி. முன்னவர் இரைச்சல், பின்னவர் மௌனம் என்று ஒரு சுலபமான பாகப்பிரிவினை நம்மிடையே உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மௌனியின் வாக்கியங்கள் தடுமாறுகின்றன என்ற புகார் பழையது. தடுமாறத்தான் செய்கின்றன. கம்பி இணைந்திருப்பதால் வரும் இரைச்சல் அது. அவருக்குப் பின் வந்த பல மௌனங்களில் தடுமாற்றமே இல்லை. நாம் செலுத்தும் எந்தத் துடிப்புக்கும், எந்தக் கோட்பாட்டுக்கும், சரியான அளவில் பதில் சொல்கின்றன. சோதனையில் தேறிவிடுகின்றன. பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

விமர்சகர்களிடமும் பத்திரிகை நடத்தும் நண்பர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. எல்லோரும் வரம்பு வைத்திருக்கிறோம். வைக்காமல் எதையும் படிக்க முடியாது. அது எங்கே என்று படைப்பைப் பார்க்கும் முன்பே எழுதிவைத்தவர் நம்மில் எத்தனை பேர்?