எதை எந்தக் கோட்டில் நிறுத்துவது

காதணி விழா ஃபிளக்ஸில் தாய்மாமன் முகம் மற்றவர்களைவிட ஒரு விரல் இறங்கியிருந்தால், எங்கள் ஊர் கோம்பையில் அதை யாரும் டிசைன் பிழை என்று விட்டுவிட மாட்டார்கள். மாமன் வீட்டார் முதலில் பார்ப்பதே யார் முகம் யாருக்குச் சமமாக நிற்கிறது என்றுதான். எங்கள் ஃபிளக்ஸ் டிசைன் தொழிலில் அலைன்மென்ட் என்றால் முதலில் மரியாதை, அப்புறம்தான் அழகு.

கோரல்டிரா மென்பொருளில் ஷிப்டை அழுத்திக்கொண்டே படங்களைத் தொட்டு 'டி' (T) தட்டினால் மேல்விளிம்புகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கடைசியில் தொட்டது அசையாது. மற்றவைதான் அதற்கு இணங்கி வரும். அதனால் மாமனைக் கடைசியில் தொடுவேன். ஆனால் மென்பொருள் பார்ப்பது படத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியை மட்டுமே. ஒருவர் தலைப்பாகையோடு இருப்பார், பக்கத்திலேயே ஒரு வழுக்கைத் தலை. உச்சியைச் சமன் செய்தால் தலைப்பாகைக்காரர் முகம் இறங்கிவிடும். ஆகவே ரூலரிலிருந்து ஒரு கைட்லைனை இழுத்துப் போட்டு, முகங்களை ஒரே அளவாக்கி, கண்கள் அதில் வரும்படி நகர்த்துவேன். நடு இடைவெளியை டிஸ்ட்ரிபியூட் கட்டளை பார்த்துக்கொள்ளும்.

எழுத்திலும் இதே சிக்கல்தான். தேவாரம், பண்ணைப்புரம் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களைப் பக்கம் பக்கமாக வைத்து, கீழ்விளிம்பைச் சமன் செய்யும் 'பி' (B) தட்டிப் பாருங்கள். 'பு'வின் கீழே இறங்கும் கால் தேவாரத்தின் அடியோடு சேர்ந்துகொள்ள, பண்ணைப்புரம் ஒரு படி ஏறி நிற்கும். அலைன் பகுதியிலேயே எழுத்தின் அடிக்கோட்டை வைத்துச் சமன் செய்ய வழியிருக்கிறது. எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். ஆக்கிவிட்டால் அது வெறும் உருவம். அடிக்கோடு எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது.

2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கு அட்டைப்பெட்டி லேபிள் போடும்போதும் கவனம் வேண்டும். கொத்தின் இடப்பக்கம் இலை நீட்டிக்கொண்டிருந்தால், பக்க நடுவுக்குக் கொண்டுவரும் கட்டளை இலை நுனியையும் சேர்த்தே கணக்குப் போடும். பழக்கொத்து வலப்பக்கம் ஒதுங்கிவிடும். காம்பை நடுக்கோட்டில் நிறுத்தினால்தான் கண்ணுக்குச் சரியாகப் படும்.

நகர்த்தும் படம் கைட்லைன் அருகே வந்ததும் காந்தம்போல இழுத்துக்கொள்ளும் ஸ்னாப்பைப் பற்றி ஆய்வாளர்கள் எரிக் பியரும் மோரீன் ஸ்டோனும் 1986லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ரூலரும் காம்பஸும் தரும் துல்லியத்தைத் திரையில் கொண்டுவருவது அவர்கள் நோக்கம். மென்பொருள் அந்த இழுப்பின் எல்லையைத் திரைப் புள்ளிகளில்தான் கணக்கிடும். பத்துக்கு எட்டு அடி ஃபிளக்ஸை முழுதாகத் திரையில் வைத்து நகர்த்தினால், அங்குலக் கணக்கில் தள்ளியிருக்கும் கோடுகூட இழுத்துவிடும். ஜூம் செய்த பிறகே படத்தைத் தொட வேண்டும்.

வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் ஷார்ட்கட் சொல்லித் தருவதில்லை. "இதுக்கு எது கோடுன்னு காட்டுப்பா" என்பேன். முகத்துக்குக் கண், எழுத்துக்கு அடி, கொத்துக்குக் காம்பு என்று காட்டத் தெரிந்தவனுக்கு விசைகள் தானாகப் பழகிவிடும்.