நடுவில் ஒரு தட்டு மல்லாட்டை!

சனிக்கிழமை இரவு ஏழு மணி. பெங்களூரு இந்திரா நகர் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அவன் பத்து நிமிடமாக நின்றுகொண்டிருந்தான். போகலாமா, இல்லை 'ஆபீஸ்ல திடீர் வேலை' என்று மெசேஜ் தட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா? ஏழு வருடங்களாக அந்த ஒரு மெசேஜ்தான் அவனைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இன்றைக்கு அது செல்லாது.

திருச்சியில் ஒன்றாகப் பொறியியல் படித்த ஐந்து பேர் அவர்கள். அந்த கேங்கில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். சேலம், விருதுநகர், கும்பகோணம், நாகர்கோவில், விழுப்புரம். இதில் கும்பகோணமும் நாகர்கோவிலும் பெண்கள். படிப்பு முடிந்ததும் வேலை ஐந்து பேரையும் பெங்களூருக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆனாலும், ஐவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்லூரி ஃபேர்வெல் நாளில்தான்.

காரணம் விழுப்புரம். சினிமா என்றால் வருவான். கிரிக்கெட் என்றால் வருவான். பிரியாணி என்றால் முதல் ஆளாக நிற்பான். மது இருக்கும் இடம் என்றால் மட்டும் காணாமல் போய்விடுவான். நண்பர்கள் அவனுக்கு 'சாமியார்' என்று பட்டம் கொடுத்துச் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்துவைத்தான்.

இப்போது நாகர்கோவிலுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை விமானம். வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட மெசேஜ் இதுதான்: "மக்கா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவ எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும். விழுப்புரம், நீ இந்தத் தடவ வரலைன்னா ஏர்போர்ட்டுக்கும் வராத லேய்!"

சேலம் இடத்தை முடிவு செய்தான். 100 அடி சாலைப் பக்கம் இருக்கும் ஒரு மைக்ரோ புரூவரி. அதாவது, பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே விற்கும் இடம். 2010 வாக்கில் பெங்களூரில் இப்படிப்பட்ட இடங்கள் வரத் தொடங்கின. இன்று வார இறுதியில் டேபிள் கிடைப்பதே பெரும்பாடு.

விழுப்புரம் படி ஏறி உள்ளே போனான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் உயரத்தைத் தாண்டிய எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. அவனைப் பார்த்ததும் நாகர்கோவில் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர்களும் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள்.

"சாமியாருக்கு ஒரு ஃப்ரெஷ் லைம் சோடா!" என்றான் சேலம்.

மெனு கார்டில் பகிர்ந்து சாப்பிடுவதற்கென்றே ஒரு முழுப் பக்கம் இருந்தது. இந்த கேங்குக்கு அதெல்லாம் புதிதல்ல. ஒரு எக் ஃப்ரைடு ரைஸ் பார்சலை ஐந்து ஸ்பூன் போட்டுக் காலி செய்தவர்கள்தானே! ஆளுக்கொன்று சொன்னார்கள். சேலத்துக்கு சிக்கன் விங்ஸ். விருதுநகருக்கு ஆந்திரா சில்லி சிக்கன். சைவமான கும்பகோணத்துக்கு மஷ்ரூம் பெப்பர் ஃப்ரை. நாகர்கோவிலுக்கு உருளைக்கிழங்கு வெட்ஜஸ். "உனக்குடா?" என்று கேட்டதும், "நான் எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துக்கிறேன்" என்றான் விழுப்புரம்.

நீளமான மரப்பலகையில் ஆறு குட்டி கிளாஸ்கள் வந்தன. ஆறிலும் ஆறு வகை பீர். முழு கிளாஸ் வாங்குவதற்கு முன்பு ருசி பார்ப்பதற்காம். கொண்டு வந்த பையன் ஓசூர்க்காரன். இவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இது கோதுமை பீர் சார். மோந்து பாருங்க, வாழைப்பழ வாசனை வரும். ஆனா வாழைப்பழமே போடலை. ஈஸ்ட் குடுக்குற வாசனை அது."

நான்கு பேரும் முகர்ந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்றார்கள்.

முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். முக்கியமாக இந்த நான்கும்தான் சமாச்சாரம் என்றான் பையன். வெந்நீரில் ஊறி இனிப்பை எல்லாம் விட்டுக்கொடுத்த பார்லிச் சக்கை மாட்டுத்தீவனமாகப் போய்விடுமாம்.

அதுவரை அமைதியாக இருந்த விழுப்புரம் நிமிர்ந்தான். "மாட்டுக்கா? அதுக்குப் போதை ஏறாதா?"

மேசை மொத்தமும் சிரித்தது. பையன் மட்டும் பொறுப்பாகப் பதில் சொன்னான். "ஏறாது சார். ஈஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே சக்கையை எடுத்துருவாங்க. அதுக்கப்புறம்தான் சாராயச் சத்தே வரும்."

"ஆக மொத்தம், இங்கேயே காய்ச்சுறாங்க. நம்ம ஊர்ல காய்ச்சுனா போலீஸ் வரும். இங்க நாம கியூவுல நிக்கிறோம்" என்றான் விருதுநகர்.

மறுபடியும் சிரிப்பு. விழுப்புரம் சிரிக்கவில்லை. 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி என்று அவன் ஊர்ப்பக்கம் கள்ளச்சாராயத்துக்குக் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொடுத்திருக்கிறது. 'காய்ச்சுறாங்க' என்ற வார்த்தைக்கு அங்கே யாருக்கும் சிரிப்பு வராது.

தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. சில்லி சிக்கனின் காரத்தில் விருதுநகருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. பீரைக் குடித்தால் அடங்கும் என்று ஒரு வாய் குடித்தான். அதில் இருக்கும் கேஸ் நாக்கை இன்னும் குத்த, "தயிர் இருக்கா தம்பி?" என்று கேட்கவைத்தது. கும்பகோணத்தின் மஷ்ரூமைச் சைவம், அசைவம் பார்க்காமல் எல்லோரும் ஒரு கை பார்த்தார்கள். விங்ஸ் தட்டில் ஆறு துண்டுகள். கடைசித் துண்டு யாருக்கு? கல்லூரிக் காலத்துப் பஞ்சாயத்து மீண்டும் ஆரம்பமானது.

அப்போதுதான் ஓசூர்ப் பையன் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். சேலம் சொல்லியிருந்த பீனட் மசாலா. வேர்க்கடலையில் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிந்திருந்தார்கள்.

"ஏய், உங்க ஊர் மல்லாட்டைடா!" என்று நாகர்கோவில் கத்தினாள்.

விழுப்புரம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. முதல் வருடம் இவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால், ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. வார்த்தையைச் சொன்னானே தவிர, அவன் மல்லாட்டை சாப்பிட்டு ஒருவரும் பார்த்ததில்லை.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீளவில்லை.

அதைத் தவறாகப் புரிந்துகொண்ட சேலம், ஒரு குட்டி கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினான். "சும்மா கடலையைத் தின்னா எப்படிடா? ஒரு வாய்தான். அவ வேற ஊரை விட்டுப் போறா. அவளுக்காக."

"வேணாம்டா."

"ஒரே ஒரு வாய் மச்சான்..."

"எங்கப்பா குடிச்சுதான்டா செத்தாரு."

மேசை அமைதியானது. பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள், பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை இங்கே யாரும் பேசவில்லை.

பிறகு அவனே சொன்னான். அப்பா கொத்தனார். சனிக்கிழமைதான் கூலி நாள். தமிழ்நாட்டில் 2003-ல் அரசே மதுக்கடைகளை நடத்தத் தொடங்கியபோது இவன் இரண்டாம் வகுப்பு. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒரு கடை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா இவனையும் கூட்டிக்கொண்டு போவார். கடைக்குக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் அவருடைய கூட்டாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். தள்ளுவண்டியில் சைடிஷ் வாங்கி வருவது இவன் வேலை. வறுத்த மல்லாட்டை, சுண்டல், அவித்த முட்டை.

"பொட்டலத்தைப் பிரிச்சதும் மொதல்ல எனக்குத்தான் கை நெறைய குடுப்பாரு. 'நீ துன்னுடா கண்ணு'ம்பாரு. வாரம் பூரா அவரு என்கிட்ட பேசுறதே அந்த நேரம் மட்டும்தான். அதனால எனக்கு சனிக்கிழமைன்னா அவ்வளோ புடிக்கும்."

ராத்திரி வீட்டில் நடப்பது வேறு. அதை அவன் விவரிக்கவில்லை. தட்டு, சொம்பெல்லாம் நெளிந்துதான் இருக்கும் என்று மட்டும் சொன்னான்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. கல்லீரல் போய்விட்டது என்றார்கள். சாவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர் பேசியது இவன் காதில் விழுந்தது. 'வெறும் வயித்துல குடிச்சே குடலை வேக வெச்சுக்கினான். பக்கத்துல நாலு மல்லாட்டையாவது துன்னிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான்.'

"அவரு துன்ன வேண்டியதை எல்லாம் நான்தான துன்னேன்" என்றான் விழுப்புரம். "அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்லைடா."

பதினைந்து வயதில் காதில் விழுந்த ஒரு வார்த்தை. அம்மாவிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

கும்பகோணம்தான் முதலில் பேசினாள். அவள் அப்பா அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். சின்ன வயதிலிருந்தே இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள்.

"டேய், இங்க பாரு. சாப்பிட்டுட்டுக் குடிச்சா ரத்தத்துல மெதுவா ஏறும். அவ்வளவுதான். மெதுவா ஏறினாலும் வேகமா ஏறினாலும், குடிச்சதுல பெரும்பகுதிய லிவர்தான் செரிக்கணும். வருஷக்கணக்கா குடிச்ச லிவரை ஒரு கைப்பிடி கடலை காப்பாத்தாது. நீ சின்னப் பையன்டா. உங்கப்பா குடுத்தாரு, நீ சாப்பிட்ட. அதுல உன் தப்பு என்ன இருக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்த தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சேலம், தான் நகர்த்திய குட்டி கிளாஸைத் திரும்ப எடுத்துப் பலகையில் வைத்தான். பலகையையே தூக்கி மேசையின் ஓரத்தில் தள்ளினான். "ஏழு வருஷமா சாமியார்னு கூப்பிட்டிருக்கேன்டா உன்னை" என்றான். அதற்குமேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் ஒரு ஃப்ரெஷ் லைம் சோடா" என்றான். "ரெண்டா கொண்டு வா" என்றான் விருதுநகர். அவனுக்கு வாய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நாகர்கோவில் எதுவும் பேசவில்லை. பீனட் மசாலாத் தட்டைக் கொஞ்சம்போல அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எடுக்கும் வரை மற்றவர்களும் எடுக்கவில்லை.

ஒரு மல்லாட்டையை எடுத்தான். வாயில் போட்டான். மென்றான். இன்னொன்று. அப்புறம் கை நிறைய அள்ளிக்கொண்டான்.

"எப்படி லேய் இருக்கு?"

"உப்பு கம்மி" என்றான். "எங்க ஊர் தள்ளுவண்டிக்காரர் இன்னும் நல்லா வறுப்பாரு."

அந்தத் தட்டுக்கு பில்லில் 220 ரூபாய் போட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு பொட்டலம் ஐந்து ரூபாய்தான் என்று அவன் சொன்னதும், "உங்க ஊருக்கே போயிருக்கலாம்டா" என்று சேலம் தலையில் கைவைத்துக்கொண்டான். ஐந்து பேரும் சிரித்தார்கள். இந்த முறை விழுப்புரமும் சேர்ந்துதான். கடைசி விங்ஸ் துண்டு, ஊரைவிட்டுப் போகிறவளுக்கு என்று ஏகமனதாகத் தீர்ப்பானது. அவள் அதைப் பிய்த்து, சைவத்தைத் தவிர்த்து மற்ற மூவருக்கும் பங்கு போட்டாள்.

பத்தரை மணிக்கு மெட்ரோவில் உட்கார்ந்ததும் அவன் அம்மாவுக்கு போன் செய்தான். வேலைக்கு வந்த புதிதில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போக மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். மறைக்க மனம் வரவில்லை. எங்கே போனான், யாரோடு போனான் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"குடிச்சியா?"

"இல்லம்மா."

"என்னா சாப்ட்ட?"

"சிக்கன், காளான்... அப்புறம் மல்லாட்டை சாப்ட்டேன்மா."

மறுபடியும் சத்தமில்லை. அவன் தொடமாட்டான் என்பதால் அவளும் அதை வீட்டில் வாங்குவதையே விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஏன் என்று அவள் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் லீவு போட்டுட்டு வா கண்ணு" என்றாள். "பச்ச மல்லாட்டை வந்திருக்குது. அவிச்சு வெக்கிறேன்."