பதினாறு மணி நேரம் ஓர் இருக்கையில்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது எங்கள் கன்னிவாடி. மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களுள் ஒன்றாக இருந்து, இன்று பேரூராட்சியாக விளங்கும் ஊர். காலையில் கதவைத் திறந்தால் மலையின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இவ்வூர்ப் பெரியோரின் கால்கள் ஓய்வை அறியாதவை. விடியுமுன் தோட்டத்திற்கு நடப்பர். மாட்டுக்குப் புல் அறுத்து வருவர். மாலையில் கடைவீதிக்கும் நடந்தே வருவர். உட்கார்ந்தபடியே பொழுதைக் கழிப்பவரை நோயாளி என்றே இங்கு எண்ணுவர்.

அத்தகைய ஊரிலிருந்தும் இன்று முதியோர் பலர் ஆகாய விமானம் ஏறுகின்றனர். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். மகளுக்குப் பேறுகாலம் என்றால் தாய் போகத்தானே வேண்டும்? கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு அனைத்தையும் பிள்ளைகளே கவனித்துக் கொள்கின்றனர். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று உற்றார் அனைவரும் ஆலோசனை கூறுகின்றனர். ஆனால், வாழ்நாளெல்லாம் நடந்தே பழகிய உடலைப் பதினாறு மணி நேரம் ஓர் இருக்கையில் எவ்வாறு வைத்திருப்பது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை. எங்களுக்கும் எவரும் சொல்லவில்லை. அதனால் நேர்ந்ததையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் முதற் பயணம்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் வாழும் எங்கள் மகளின் தலைப்பிரசவத்திற்காக நானும் என் மனைவியும் புறப்பட்டோம். திண்டுக்கல்லிலிருந்து இரவு இரயிலில் சென்னை. சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு நான்கரை மணி நேர விமானப் பயணம். அங்கு சில மணி நேரம் காத்திருந்தபின், டல்லாஸுக்கு ஏறத்தாழப் பதினாறு மணி நேரம்.

இரண்டாம் விமானத்தில் எங்கள் வரிசையில் மூன்று இருக்கைகள். சன்னலோரம் என் மனைவி, நடுவில் நான், நடைபாதையோரம் ஓர் ஆந்திர இளைஞர். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் அவர் கண்ணயர்ந்துவிட்டார். என் மனைவி பணிப்பெண் நீட்டிய தண்ணீரையும் வேண்டாமென்று மறுத்ததைக் கண்டு காரணம் கேட்டேன். “தண்ணி குடிச்சா எந்திரிக்கணும்ங்க. தூங்குற பிள்ளையை எத்தனை தடவை எழுப்புறது? பாவம்” என்றாள். அவளுடைய பண்பை எண்ணி நான் உள்ளூர மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பதினாறு மணி நேரத்தில் அவள் எழுந்தது ஒரே ஒரு முறை. பயணத்திற்கென்று வாங்கிய புதுச் செருப்பு காலைக் கவ்வியது. குள்ளமான உடல்வாகு ஆதலால் பாதங்கள் தரையில் ஊன்றாமல் தொங்க, இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. பொறுத்துக்கொள்வதையே பெருமையாகக் கருதி வளர்ந்த தலைமுறை அல்லவா!

இறங்கும் வேளையில் அவள் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை அந்த இளைஞர் கவனித்தார். காரணத்தை அறிந்ததும் வருந்தி, “ஒரு சொல் சொல்லியிருந்தால் என் இருக்கையையே அம்மாவுக்குக் கொடுத்திருப்பேனே, ஐயா” என்றார்.

மூன்றாம் நாள் அவளுடைய இடக்கால் மட்டும் வீங்கிச் சிவந்தது. கெண்டைக்கால் தொட்டால் சுட்டது. நிறைமாதக் கர்ப்பிணியான மகளே காரோட்டித் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், காலின் ஆழத்து இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருப்பதாகக் கூறினார். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றும் சொன்னார். மூன்று மாதம் மாத்திரை உண்ண நேர்ந்தது. மகளுக்குப் பணிவிடை செய்யச் சென்றவளுக்கு மகள் பணிவிடை செய்தாள். பேரன் பிறந்த நாளில் பாட்டி நொண்டியபடியே வந்துதான் அவனைக் கையில் வாங்கினாள்.

கால் ஏன் வீங்குகிறது?

கமலை கட்டிக் கிணற்றில் நீர் இறைத்ததை நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். மாடுகள் நடந்தால்தான் நீர் மேலே வரும். நின்றுவிட்டால் நீரும் நின்றுவிடும். நம் காலில் இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்திற்கு ஏறுவதும் அவ்வாறே. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. மணிக்கணக்கில் அசையாதிருந்தால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. சிலருக்கு உறைந்தும் விடுகிறது.

இது விமானத்தோடு பிறந்த நோயன்று. 1940ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் மீது குண்டுமழை பொழிந்தபோது, பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தோர் சிலர் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறந்ததைக் கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1954ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், விமானத்திலும் காரிலும் நெடுநேரம் அமர்ந்திருந்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்ததை விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று கூறியது. உடல்நலம் உடையோரில் இது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே நேரக்கூடியது. ஆகவே அஞ்சிப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், கர்ப்பிணிகள், புதிதாய்ப் பிள்ளை பெற்றோர், புற்றுநோயாளர், உடற்பருமன் மிக்கோர், முன்னரே இந்நோய் கண்டோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். இரவெல்லாம் பேருந்தில் சென்னை செல்வோரும் இதை நினைவிற் கொள்வது நல்லது. அசையாத கால் எந்த வண்டியிலும் அசையாத கால்தான்.

1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஏர் இந்தியா நிறுவனத்தின் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் விமானம் முதன்முறையாகப் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டபோது, வழியில் கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் தரையிறங்கியே சென்றது. அந்நாளில் விமானத்திற்கு ஓய்வு வேண்டியிருந்தது. அதனால் பயணிகளுக்கும் கால் நீட்ட வாய்ப்புக் கிடைத்தது. இன்றைய விமானமோ களைப்பதில்லை. ஆகவே நாம்தாம் நினைவு வைத்து எழுந்திருக்க வேண்டும்.

விமானத்திற்குள் ஒரு கொடைக்கானல்

விமானம் 35,000 அடிக்கும் மேலே பறக்கிறது. அவ்வுயரத்தில் மனிதர் மூச்சுவிட இயலாது. ஆதலால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். அவ்வாறு நிரப்பிய பின்னும், உள்ளிருக்கும் காற்று 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கே ஒப்பாகும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. எனவே, நெடும்பயணம் செல்வோர் பதினாறு மணி நேரம் கொடைக்கானலில் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளலாம். இதய நோயும் நுரையீரல் நோயும் கடும் இரத்தசோகையும் உள்ளோர் முன்னதாக மருத்துவரைக் காண வேண்டும் என்பது இதனால்தான்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆடலூர், பன்றிமலைக்குப் பேருந்தில் ஏறுவோருக்குக் காது அடைப்பது தெரிந்த செய்தி. எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். விமானம் இறங்கும்போதும் அதுவே மருந்து: மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். இறங்கும் வேளையில் உறங்காதிருப்பது நன்று. மலையேறுகையில் வறுவல் பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றிலுள்ள வாயுவும் அவ்வாறே விரியும். ஆகவே புறப்படும் நாளில் மொச்சை, பட்டாணி, சோடா முதலியவற்றைத் தவிர்த்து, அரை வயிறு உண்பது போதும்.

ஒன்றில் மட்டும் அது கொடைக்கானல் அன்று. அங்கே மூடுபனி தவழும். விமானத்திற்குள்ளோ காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடுதான். பாலைவனத்திற்கு ஒப்பான வறட்சி. உதடு வெடிக்கும், தொண்டை காயும், கண் உறுத்தும். விக்கல் வருமுன் தண்ணீர் கேட்டு, சிறிது சிறிதாகப் பருகிவர வேண்டும். மது உடலை உலர்த்தும். ஆதலால் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதில் கை நீட்டலாகாது.

திரும்பும் பயணம்

செப்டம்பர் மாதம், மருத்துவர் இசைவு தந்தபின் திரும்பினோம். அதே பதினாறு மணி நேரம். ஆனால் வேறொரு பயணம்.

மகள் முன்னதாகவே நடைபாதையோர இருக்கையைத் தாய்க்குக் கேட்டு வாங்கினாள். சக்கர நாற்காலி உதவியையும் பயணச்சீட்டிலேயே பதிவு செய்தாள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நீண்ட வரிசைகளில் நிற்க இயலாதோருக்கும் மொழி அறியாது திகைப்போருக்கும் இது பேருதவி. இதைப் பெறுவது இழிவென்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் என் மனைவியின் காலை நினைத்துக்கொள்வார்களாக.

தளர்ந்த பருத்திச் சேலை, பழகிய செருப்பு, ஒரு கம்பளிச் சால்வை. மருத்துவர் அளவெடுத்துத் தந்த அழுத்தக் காலுறையை அவள் முழங்கால் வரை அணிந்துகொண்டாள். சர்க்கரை நோயாலோ பிற காரணத்தாலோ காலில் இரத்த ஓட்டம் குறைந்தோர் மருத்துவரைக் கேளாமல் இதை அணியக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் வழக்கமும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். தொங்கும் பாதங்களுக்குக் கீழே சிறு கைப்பையை வைத்தோம், பாதங்கள் ஊன்றின. அன்றாட மாத்திரைகளையும் மருந்துச் சீட்டையும் பெரிய பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தோம். பாதுகாப்புச் சோதனையில் தண்ணீரை விடமாட்டார்கள். காலிப் புட்டியைக் கொண்டு சென்று, சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொண்டோம்.

விழித்திருந்த நேரமெல்லாம், மணிக்கொரு முறை எழுந்து விமானத்தின் பின்புறம் வரை நடந்து வந்தோம். இருக்கையில் இருந்தபடியே குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துவதும், விரலை ஊன்றிக் குதிகாலை உயர்த்துவதுமாக இருபது முறை செய்தோம். கால்மேல் கால் போட்டுக்கொள்ளவில்லை. உயரத்தில் நாவின் சுவையுணர்வு மங்குவதால், விமான உணவு சப்பென்றிருக்கும். சிறிது ஊறுகாய் கைகொடுத்தது; உப்பு மிகுந்தால் கால் வீங்குமென்பதால் தொட்டுக்கொண்டதோடு சரி.

டல்லாஸுக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேர வேறுபாடு. அங்கே பகலென்றால் இங்கே இரவு. விமானத்தில் ஏறியதும் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திற்குத் திருப்பிவிட்டு, ஊரின் இரவில் உறங்க முயன்றோம். வந்து சேர்ந்தபின் பகலுறக்கத்தை அடக்கி, காலை வெயிலில் தோட்டத்து வரப்பில் நடந்தோம். ஒரு வாரத்தில் உடல் பழைய தடத்திற்கு வந்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயணம் முடிந்து சில வாரங்கள் வரையிலும் ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாயிருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வாசக அன்பர்களே, பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பது நம் பெரியோர் நமக்குத் தந்த நற்பண்பு. அதை இழக்கச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கேட்பதும், “சற்று வழி விடுங்கள்” என்று சொல்வதும் பிறருக்குத் தொல்லையன்று. அவற்றைச் சொல்லாது விட்டதால் என் மனைவி யாருக்குத்தான் தொல்லை தராதிருந்தாள்? நிறைமாத மகளல்லவா அலைந்தாள்!

அண்மையில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர், கனடாவிலுள்ள மகனைக் காணப் புறப்படுமுன் விடைபெற வந்தார். பருப்புப் பொடிக்கு எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று கேட்டார். என் மனைவி அதற்கு விடை கூறவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு, “மதினி, பொடி கிடக்கட்டும். கூச்சப்படாம தண்ணி கேட்டு வாங்கிக் குடிங்க. பக்கத்துல யாரு தூங்குனாலும் எழுப்பிட்டு எந்திரிச்சு நடங்க. பேரப்பிள்ளைய நல்ல காலோட போய்த் தூக்குங்க” என்றாள்.