பிள்ளையார் இருந்த இடம்

பழைய கார் வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் டயருக்கு ஒரு உதை. அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொல்லி, இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்து, 'ம்...' என்று ஒரு முனகல். உள்ளே இருப்பது இன்ஜினா, இட்லிக் குண்டானா என்பதே பலருக்குப் பிடிபட்டிருக்காது. ஆனால் கடைசியாகக் கதவைத் திறந்து தலையை உள்ளே நுழைப்பார்கள் பாருங்கள்... விலை முடிவாகிற இடம் அதுதான்! பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மெக்கானிக்குக்குத்தான் தெரியும். டாஷ்போர்டில் கறை இருந்தால் மாமியார் வரைக்கும் தெரியும்.

எங்கள் அப்பாவின் காரை விற்பது என்று முடிவானபோது புரோக்கரும் இதைத்தான் சொன்னார். 2012-ல் வாங்கிய சின்ன கார். ஸிங்கிள் ஓனர். 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இன்ஜினைப் பற்றி மனிதர் ஒரு குறை சொல்லவில்லை.

"உள்ளதான் ஸார்... ஒரே புள்ளி புள்ளியா இருக்கு. பார்ட்டி பதினஞ்சாயிரம் குறைச்சுத்தான் கேப்பான்."

பதினைந்தாயிரம்! அப்பாவுக்கு அது சாதாரணத் தொகை இல்லை. அவருக்குக் கண்ணில் க்ளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து. டாக்டர் சொன்ன அன்றைக்கே கார் சாவியை ஆணியில் மாட்டியவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை. கார் விற்ற பணத்தை பேங்கில் போட்டு, அந்த வட்டியில் மருந்து வாங்கிக்கொள்வது என்று திட்டம். "நான் வாங்கித் தரேனேப்பா" என்றால், "நீ உன் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டுடா" என்பார். முப்பத்தோரு வருஷம் ப்ளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த வாத்தியார். அவரிடம் யார் வாதாடி ஜெயிப்பது?

ஆக, புள்ளிகளை எடுத்தாக வேண்டும்.

விஷயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர், "பெட்ரோல்ல துணியை நனைச்சு ஒரே இழுப்பு!" என்றார். மாடி வீட்டு மாமி பல் பேஸ்ட்டைச் சிபாரிசு செய்தார். என் மச்சான் மட்டும் பேசாமல் இருந்தான். அவன் அனுபவஸ்தன். தன் காரில் ஏஸி பட்டனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் ஒரு கறை என்று தங்கச்சியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துத் துடைத்திருக்கிறான். கறை போய்விட்டது. கூடவே பிளாஸ்டிக்கின் மேல்தோலும் போய், அந்த இடம் இன்றைக்கும் குஷ்டம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

"போகாம என்ன செய்யும்?" என்றார் அப்பா. "பல ரிமூவர்ல இருக்கிறது அசிட்டோன். ஏபிஎஸ்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, கார்ல நிறைய இடத்துல அதுதான். அசிட்டோன் பட்டா அது கரையும். தின்னரும் அந்த ஜாதிதான். பெட்ரோல் கேட்கவே வேணாம், மூடின காருக்குள்ள ஆவி நின்னா ஆளுக்கே ஆபத்து. கறை தானா ஒண்ணும் கெடுக்கலைடா. எடுக்கப் போனவன்தான் கெடுத்தான்."

இந்த ஒரு வாக்கியத்தை எழுதி காரில் ஒட்டலாம். (ஒட்டினால் அந்த கோந்தை எடுக்க வேண்டியிருக்கும், அது வேறு!)

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பமர நிழலில் காரை நிறுத்தினேன். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கில் எதைத் தடவினாலும் உடனே காய்ந்து திட்டாகிவிடுமாம். அப்பா பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் புள்ளி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவுவார், நகத்தால் லேசாகச் சுரண்டுவார், முகர்ந்து பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். நான் லேப் அஸிஸ்டென்ட்.

முதல் பாடம்: தூசு. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டி எடுத்த பிறகுதான் ஈரத்துணி. தூசோடு தேய்த்தால் மணல் காகிதம் போட்ட மாதிரி கோடு விழும். ஸ்பீடாமீட்டர் பக்கம் இருந்த விபூதியும் இப்படியே போய்விட்டது. அதை நனைத்திருந்தால் சேறாகி வரி வரியான பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கும்.

இரண்டாவது: அரை பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி ஷாம்பு. துணியை நன்றாகப் பிழிந்து, வட்டமாக, மெதுவாக. டீ, ஜூஸ், கை அழுக்கு முக்கால்வாசி இதற்கே சரணடைந்தது. "அழுத்தித் தேய்க்காதே" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அதட்டல். டாஷ்போர்டு மேலே தோல் மாதிரி நுணுக்கமான வரிகள் இருக்கிறதல்லவா? அழுத்தித் தேய்த்தால் அது மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிடும். பளபளப்பும் ஒரு கறைதான், எடுக்கவே முடியாத கறை.

அடுத்தது மஞ்சள். வண்டி வாங்கிய அன்று சமயபுரத்தில் பூஜை போட்டபோது விழுந்த சொட்டு. அம்மா அதன் மேல் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்து, அது ரத்தச் சிவப்பாகி, 'அபசகுனம்' என்று அப்படியே விட்டுவிட்டாள். அப்பா சிரித்தார். "மஞ்சள் ஒரு இண்டிகேட்டர்டி! காரம் பட்டா சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா குங்குமம் ஆகலையா?" வெறும் தண்ணீரில் சோப்பைத் துடைத்ததும் பழைய மஞ்சளாகிவிட்டது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். நாலைந்து நாள் கார் மூக்கை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தியதில் ஆள் காணாமல் போனார்.

வாட்டர் வாஷ் பையன் பாலிஷ் போடும்போது தெறித்த வெள்ளைப் புள்ளிகளுக்கு என்ன செய்தோம் தெரியுமா? என் பெண்ணின் பென்சில் ரப்பர்! பாலிஷ் மாவு வரிகளுக்குள் காய்ந்து உட்கார்ந்திருக்கும். ரப்பர் அதைத் தூக்கி எடுத்துவிடுகிறது. பால் பாயின்ட் பேனா கோட்டுக்கு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒற்றி எடுத்தோம். அதையும் முதலில் ஸீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத பிளாஸ்டிக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான். மீட்டரை மூடியிருக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பக்கம் மட்டும் ஆல்கஹாலோ, மாமியின் பேஸ்ட்டோ போகக்கூடாது. அதற்கு மெல்லிய ஈரத்துணிதான்.

நடு டாஷ்போர்டில் பிள்ளையார். மலைக்கோட்டை அடிவாரத்தில் வாங்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் உட்கார வைத்தவர். அவரை வீட்டுக்கு எழுந்தருளப் பண்ணிய பிறகு, சதுரமாகக் கறுத்த கோந்து. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டி, கட்டைவிரலால் உருட்டினால் பாதி வந்தது. மீதிக்குத் தேங்காய் எண்ணெய். "ஒத்தது ஒத்ததில் கரையும்" என்று போர்டில் எழுதாத குறையாகச் சொன்னார் அப்பா. கால் மணி நேரம் ஊறவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்து, ஷாம்புத் தண்ணீரில் எண்ணெயைத் துடைத்ததும் பிள்ளையார் இருந்த சுவடே இல்லை.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 2021-லிருந்து புது மாடல்களில் பக்கத்து ஸீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். அது டாஷ்போர்டுக்குள்தான் மடங்கி உட்கார்ந்திருக்கும். அந்த மூடி மேல் பொம்மை எதையும் ஒட்டாதீர்கள். மோதுகிற நேரத்தில் அது கல்லாகப் பறந்து வரும். பிள்ளையார் காப்பாற்றுவார், அவரை அங்கே வைக்காமலிருந்தால்!

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது, பின்பக்கக் கதவில் கண்ணாடி இறக்குகிற ஸ்விட்ச் பக்கத்தில் நாலு சின்னப் புள்ளிகள். ஷாம்பு... ம்ஹூம். ஆல்கஹால்... ம்ஹூம். அப்பாவைக் கூப்பிட்டேன். பின்ஸீட்டில் வந்து உட்கார்ந்து, விரலை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"இது கறை இல்லைடா. பள்ளம். கொசு விரட்டி கிரீம் பட்டிருக்கு. சிலதுல டீட்னு ஒரு ரசாயனம் இருக்கும், அது சில பிளாஸ்டிக்கையே இளக்கிடும். இளகினதுல யாரோ கையை வச்சு அழுத்தியிருக்காங்க..."

யாரோ என்ன யாரோ! ஒவ்வொரு பள்ளமும் பட்டாணி அளவு. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. ராத்திரிப் பயணத்தில் கை கால் எல்லாம் தடவி உட்கார வைத்தால், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தாத்தாவோடு லாரி எண்ணிக்கொண்டே வருவாள். தாத்தா ஓட்ட, பேத்தி எண்ண.

அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் புரோக்கர் வந்து பார்த்து அசந்துவிட்டார். நாலு பள்ளத்தைக் காட்டியதும், "அது ஒரு மேட்டரே இல்ல ஸார், சிலிகான் பாலிஷ் ஒரு கோட் குடுத்தா பளிச்சுனு மூடிடும். ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள வண்டி கைமாறிடும்" என்றார்.

"அந்த ஒரு வாரத்துக்கப்புறம்?" என்றார் அப்பா.

புரோக்கர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

வாங்க வந்தவன் இருபத்தைந்து வயசுப் பையன். முதல் வேலை, முதல் கார், கூடவே அவன் அம்மா. வழக்கம்போல டயருக்கு உதை, பானெட், 'ம்...' எல்லாம் ஆனது. உள்ளே தலையை விட்டவனுக்கு முகம் மலர்ந்தது. அப்பா அவன் கையைப் பிடித்து, பின்கதவின் அந்த நாலு பள்ளத்தில் வைத்தார்.

"தம்பி, இது மட்டும் போகாது. மேல எதைப் பூசினாலும் கொஞ்ச நாள்தான். தெரிஞ்சு வாங்கிக்கோ."

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். பையன் குனிந்து பார்த்தான். அவன் அம்மாதான் கேட்டார், "குழந்தை கையா அது?"

"பேத்தி."

"இருந்துட்டுப் போகட்டும்ங்க" என்றார் அந்த அம்மாள்.

பையன் மட்டும் விவரமானவன். அதற்கு இரண்டாயிரம் குறைத்தான். அப்பா மறுபேச்சில்லாமல் சரி என்றார். பதினைந்தில் பதின்மூன்று மிச்சம்! கார் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றார். கண்ணால் பார்த்தாரோ, சத்தத்தை வைத்துப் பார்த்தாரோ, நான் கேட்கவில்லை.

போன வாரம் புரோக்கரிடமிருந்து போன். "ஸார், ஒரு வண்டி வந்திருக்கு. உள்ள என்ன கறைன்னே புரியல. அப்பா ஃப்ரீயா இருந்தா, வந்து கொஞ்சம் தொட்டுப் பார்க்கச் சொல்லணும்..."

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி யோசித்தார்.

"ஃபீஸ் எவ்வளவு தருவான்னு கேளுடா!"