கித்துள் கள்ளும் பதுளைப் பேச்சும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் பக்கத்துப் பண்ணையாட்களுக்கு ஒருகாலத்தில் கூலியில் ஒரு பங்கு காசாகவும் ஒரு பங்கு ஆப்பிள் கள்ளாகவும் கிடைத்தது. சைடர் என்பார்கள். 1887இல் சட்டம் போட்டுத்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். 'ர'வை நாக்கை மடக்கி உருட்டும் அவர்கள் பேச்சு லண்டன்காரருக்குப் பட்டிக்காட்டுப் பேச்சு. 1950இல் வந்த 'டிரெஷர் ஐலண்ட்' படத்தில் அந்தப் பக்கத்து நடிகர் ஒருவர் கடற்கொள்ளையனாக வந்து அப்படியே பேசினார். அன்றிலிருந்து சினிமாக் கடற்கொள்ளையர் பலருக்கும் அதுதான் பாஷை.

இலங்கை மலையகத்துப் பதுளைக்காரனுக்கு இது விளங்காத சங்கதியா? எங்கள் கள் கித்துள் மரத்தில் இறங்குவது. தமிழ்நாட்டில் கூந்தற்பனை என்பார்கள். பசறை, லுணுகலைப் பக்கம் தேயிலை மலை முடிந்து நாட்டுப்பக்கம் தொடங்கும் இடங்களில் மரங்கள் நிற்கும். ஏறுகிறவர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். பாளையைப் பக்குவப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவி முட்டி கட்டுவார். முட்டிக்குள் ஹல் மரப்பட்டை போட்டால் சாறு சட்டென்று புளிக்காது. காய்ச்சினால் பாணி, இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. பட்டை போடாமல் விட்டால் கள். இறக்கிய முட்டியில் வெள்ளை நுரை நிற்கும், நுரையில் செத்த தேனீக்கள் மிதக்கும். துணியில் வடித்துத்தான் ஊற்றுவார்.

எங்கள் பக்கத்தில் மரமேறும் மாமாவின் தமிழ் முழுக்கத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கற்றது. "இன்னைக்குக் கொஞ்சம் புளிப்புதாங்க, பாத்துக் குடிங்க" என்பார். 'ங்க' போடுவதில் எங்களையே தோற்கடிப்பார்.

அந்தத் தமிழை எங்கள் பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று பல சீமைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். பெரட்டு, கொந்தரப்பு, காம்பரா என்று தோட்டத்துச் சொற்களும் அதில் சேர்ந்துகொண்டன. கொழும்பில் வாயைத் திறந்ததும் "தோட்டமா?" என்று கேட்பார்கள். கேட்கிற தொனியிலேயே நம்மை ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். அதற்குப் பயந்து எங்கள் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது வானொலித் தமிழுக்குத் தாவுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் தங்கள் பேச்சையும் பனையோலைப் பிளாவில் குடித்த பனங்கள்ளையும் கதைகளில் தைரியமாக ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

அதற்காகக் கள்ளுக்குப் பரணி பாட வரவில்லை. சம்பள நாள் ராத்திரியில் லயத்துப் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டு வளர்ந்தவன் நான். ஆனால் எங்கள் லயத்தில் குடும்பங்களைக் கெடுத்தவை தவறணைச் சாராயமும் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும். கித்துள் கள் பாவம், ஒரு நாள் தாண்டினாலே காடியாகிவிடும். லயத்துக்கு வரும்முன் பாதி வழியிலேயே தீர்ந்தும்விடும்.

பாணிக்கு மட்டும் யோகம். கொழும்பு ஹோட்டல்களில் எருமைத் தயிர் மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கள்ளை அந்த மேசைப் பக்கம் கொண்டுபோக முடியுமா? மாமாவுக்கு வயதாகிவிட்டது. மகன் பதுளை பஸ் நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறான். நல்ல பாணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "கடைப் போத்தல்ல பாதி சீனிதாண்ணே, வாங்காதீங்க" என்று சுத்தமான லயத்துத் தமிழில் எச்சரிக்கிறான். மரம் ஏறுவாயா என்றால் சிரிக்கிறான்.